பெண்கள் நலச் சுய பரிசோதனை: எதிலிருந்து தொடங்குவது, எந்த வரிசையில் செய்வது

பிறப்புறுப்பையும் மார்பகத்தையும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் சுய பரிசோதனை என்றதும் பலரும் நேராகக் கண்ணாடியை எடுக்கிறார்கள். பார்த்ததும் ஏதோ ஒரு சின்னப் புடைப்பு கண்ணில் படும். அது போன வாரம் வந்ததா, வயதுக்கு வந்த நாளிலிருந்தே இருக்கிறதா என்று தெரியாது. அன்று இரவுத் தூக்கம் போய்விடும். இதைச் சொல்லிக் கொடுக்கும்போது நான் அடிக்கடி பார்க்கும் தடுமாற்றம் இதுதான்.

வீட்டில் செய்யும் பரிசோதனையை வைத்து இன்ன நோய் என்று முடிவு கட்ட முடியாது. உங்கள் உடலின் வழக்கமான நிலை எது என்று தெரிந்துகொள்ளலாம். அது மாறும்போது சீக்கிரம் கவனிக்கலாம். ஆகவே வரிசை இப்படி: முதலில் எழுதுவது, பிறகு பார்ப்பது, அதற்கப்புறம் தொடுவது. மாதவிடாய் நின்றவர்களும் கர்ப்பப்பை அகற்றிக்கொண்டவர்களும் "இனி நமக்கு என்ன" என்று விட்டுவிட வேண்டாம். பிறப்புறுப்பின் வெளிப்புறத் தோலில் வரும் பல கோளாறுகள் அந்த வயதில்தான் அதிகம்.

1. ஒரு மாதத்துக்கு நோட்டு மட்டும்

கண்ணாடியைத் தொடுவதற்கு முன் ஒரு முழு மாதவிடாய்ச் சுழற்சியை எழுதி வையுங்கள். நோட்டு, காலண்டர், மொபைல் ஆப் எதுவானாலும் சரி. எழுத வேண்டியவை: ரத்தப்போக்கு தொடங்கிய தேதி, நின்ற தேதி, ஒரு நாளில் எத்தனை நாப்கின், வலி, வெள்ளைப்படுதலின் நிறமும் தன்மையும், நடுவில் ரத்தம் பட்டதா, உடலுறவுக்குப் பிறகு ரத்தம் பட்டதா. கருத்தடை மாத்திரை, ஊசி, காப்பர் டி ஏதாவது இருந்தால் அதையும் குறியுங்கள். அவை போக்கையே மாற்றும்.

சுழற்சியை எண்ணும்போது பலர் தவறுகிறார்கள். ரத்தம் நின்ற நாளிலிருந்து அடுத்தது தொடங்கும் நாள் வரை எண்ணிவிட்டு, "எனக்கு 22 நாளிலேயே வந்துவிடுகிறது" என்று பயப்படுகிறார்கள். முதல் நாளிலிருந்து அடுத்த முதல் நாள் வரை எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 24 முதல் 38 நாட்கள் வரை இயல்பு. ரத்தப்போக்கு 8 நாட்கள் வரை இயல்பு. வயதுக்கு வந்த முதல் சில வருடங்களில் 45 நாட்கள் வரைகூடத் தள்ளிப்போகலாம்.

"அதிகமாகப் போகிறது" என்று மட்டும் எழுதினால் பயன் இல்லை. ஒவ்வொருவருக்கும் அதிகம் என்பது வேறு. நாப்கின் ஒரு மணி நேரத்தில் நனைந்து போகிறதா, இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா, இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் பெரிய கட்டிகளாக வருகிறதா என்று எழுதுங்கள். இதைப் படிக்கும் டாக்டருக்கு அடுத்து என்ன கேட்பது என்று உடனே பிடிபடும்.

2. எந்த நாள், எவ்வளவு அடிக்கடி

மாதத்துக்கு ஒரு முறை போதும். ரத்தப்போக்கு நின்று சில நாட்கள் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். மார்பகத்தில் வீக்கமும் வலியும் அப்போதுதான் குறைவாக இருக்கும். மாதவிடாய் இல்லாதவர்கள் மாதத்தில் ஏதாவது ஒரு தேதியை நிலையாக வைத்துக்கொண்டால் மறக்காது.

முடியை மழித்த அன்றும் மறுநாளும் வேண்டாம். அப்போது வரும் சிவப்புப் புள்ளிகளும் சீழ்க் கொப்புளங்களும் வீண் பயத்தைக் கிளப்பும். உறவு வைத்துக்கொண்ட அடுத்த நாளும் சரிப்படாது. சாதாரணமாகவே சற்றுச் சிவந்தும் வீங்கியும் இருக்கும்.

தினமும் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாளுக்கு நாள் வித்தியாசம் தெரியாது, கவலைதான் வளரும். தொட்டுத் தொட்டுப் பார்த்த இடம் வலிக்கவும் ஆரம்பிக்கும்.

3. தேவையானவை

கைக்கண்ணாடி, நல்ல வெளிச்சம், தாழிடக்கூடிய அறை, ஒரு தலையணை, பேனாவும் நோட்டும். நகம் வெட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவியிருக்க வேண்டும். இருபது நிமிடம் யாரும் கதவைத் தட்டாத நேரமாகப் பாருங்கள்.

கண்ணாடி எட்டாதவர்கள் மொபைலின் செல்ஃபி கேமராவைத் திறந்து, படம் எடுக்காமல் திரையை மட்டும் பார்க்கலாம். ஒரு புள்ளி வளர்கிறதா என்று ஒப்பிடப் படம் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், படங்கள் தானாக இணையச் சேமிப்புக்குப் போகும் வசதியை முதலில் நிறுத்துங்கள். குடும்பத்தில் எல்லோரும் ஒரே கணக்கைப் பயன்படுத்தும் வீடுகளில் இது சின்ன விஷயம் இல்லை.

பரிசோதனைக்கு முன் உள்ளே கழுவாதீர்கள். பரிசோதனைக்கு மட்டும் இல்லை, எப்போதுமே வேண்டாம். யோனியின் உட்பகுதி இயல்பிலேயே அமிலத்தன்மை கொண்டது. அதுதான் கிருமிகளைக் கட்டுக்குள் வைக்கிறது. சோப்பும் வாசனைத் திரவமும் அந்தச் சமநிலையைக் கெடுத்துவிடும். வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவினால் போதும்.

4. கண்ணாடியில் பார்ப்பது

தலையணையில் சாய்ந்து, முழங்காலை மடித்து அகட்டி உட்காருங்கள். ஒரு காலை ஸ்டூலில் வைத்து நின்றபடியும் பார்க்கலாம். எந்த நிலையானாலும் ஒவ்வொரு மாதமும் அதே நிலையில் பாருங்கள். நிலை மாறினால் தோலின் மடிப்புகள் மாறித் தெரியும், ஒப்பிட முடியாது.

மேலிருந்து கீழாகப் போங்கள். முடி வளரும் மேட்டுப் பகுதி, இரண்டு புற இதழ்கள், அவற்றுக்கும் உள் இதழ்களுக்கும் இடையே உள்ள மடிப்பு, உள் இதழ்கள், அவை மேலே சேரும் இடத்தில் சிறு மொட்டாக இருக்கும் கிளிட்டோரிஸும் அதன் மேல் உறையும், சிறுநீர்த் துவாரம், யோனி வாய், அதற்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதி, கடைசியாக ஆசனவாயைச் சுற்றி. உள் இதழ்களை இரண்டு விரலால் மெல்ல விலக்கினால்தான் நடுப்பகுதி தெரியும். அதிகம் விட்டுப்போகும் இடங்கள் இதழ்களுக்கு இடையேயான மடிப்பும் ஆசனவாய்ப் பக்கமும்.

முதல் முறை பார்ப்பவர்கள் நோய் என்று பயப்படும் பல விஷயங்கள் இயல்பானவை. இரண்டு உள் இதழ்களும் ஒரே அளவில் இருக்காது. ஒன்று நீளமாக வெளியே தெரிவது மிகச் சாதாரணம். அந்த இடத்தின் நிறம் உடம்பின் மற்ற இடங்களைவிடக் கருத்தே இருக்கும். உள் இதழ்களின் ஓரத்தில் வெளிர் மஞ்சளாகப் பொடிப்பொடியாகத் தெரிபவை எண்ணெய்ச் சுரப்பிகள். யோனி வாயைச் சுற்றி ஒழுங்கில்லாமல் இருக்கும் சிறு மடிப்புகள் கன்னிச்சவ்வின் மிச்சம். வளர்ச்சி என்று நினைத்து வருபவர்கள் நிறைய.

மரு என்று தவறாக நினைக்கப்படும் ஒன்று இருக்கிறது. உள் இதழ்களின் உள்பக்கத்தில் இளஞ்சிவப்பாக, மிருதுவாக, குட்டிக் குட்டி விரல்கள் போலச் சிலருக்கு இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்து, ஒவ்வொன்றும் தனித்தனி வேரிலிருந்து கிளம்பினால் அது பெரும்பாலும் இயல்பு. ஒரே வேரிலிருந்து பல தலைகள் கிளைத்து, ஒரு பக்கம் மட்டும் ஒழுங்கின்றிப் பரவினால் மருவாக இருக்க வாய்ப்பு அதிகம். சந்தேகம் இருந்தால் காட்டிவிடுங்கள். மருவுக்கு என்று கடையில் விற்கும் எரிக்கும் திரவங்களை இந்த இடத்தில் போடவே கூடாது, தோல் வெந்துவிடும்.

இனி, கவனிக்க வேண்டியவை. வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, ஆறாத புண், புதிதாக வந்த அல்லது நிறமும் ஓரமும் மாறும் மச்சம், தடித்த இடம், வலியுள்ள நீர்க் கொப்புளங்கள். இவற்றோடு இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்: தோல் வெளுத்து, மெலிந்து, சுருங்கிய காகிதம்போல் ஆகி, மாதக்கணக்கில் அரித்து, உள் இதழ்கள் மெல்ல மெல்ல மறைந்துகொண்டே போவது. இது லைக்கன் ஸ்க்ளீரோசஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம். பலர் வருடக்கணக்கில் பூஞ்சை மருந்து போட்டே காலம் கடத்துகிறார்கள். டாக்டர் தரும் வீரியமான ஸ்டீராய்டு களிம்பில் இது நன்றாகக் கட்டுப்படும். கவனிக்காமல் விட்டவர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்குப் புற்றாக மாறலாம் என்பதால் விட்டுவிடக் கூடாத நோய் இது.

அதற்காக மருந்துக் கடையில் நீங்களாகவே ஸ்டீராய்டு களிம்பு வாங்கிப் போடாதீர்கள். அரிப்பு பூஞ்சையால் வந்ததாக இருந்தால் அது நன்றாகப் பரவ அந்தக் களிம்பே வழி செய்துவிடும்.

5. தொட்டுப் பார்ப்பது

பார்த்து முடித்த பிறகே தொட வேண்டும். முதலிலேயே அழுத்தினால் தோல் சிவந்து, பார்ப்பதற்கு எதுவும் தெளிவாக இருக்காது.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புற இதழை மெல்லப் பிடித்து, மேலிருந்து கீழாக நகருங்கள். பிறகு மறுபக்கம். உருண்டையாக, கெட்டியாக ஏதாவது தட்டுப்படுகிறதா என்று மட்டும் பாருங்கள். அரிசி அளவில் அசையும் சிறு உருண்டை பல சமயம் அடைத்த எண்ணெய்ச் சுரப்பி. அதைப் பிதுக்கினால் சீழ் பிடிக்கும்.

யோனி வாயைக் கடிகார முகமாக நினைத்தால், 4 மணி, 8 மணி இடங்களில் பார்த்தோலின் சுரப்பிகள் இருக்கின்றன. சாதாரணமாகக் கைக்குத் தெரியாது. அடைத்துக்கொண்டால் ஒரு பக்கம் மட்டும் உருண்டையாக வீங்கும். வலி இல்லாத சிறு வீக்கம் தானாகவே போகலாம். வலியோடு சூடாகி, நடக்கவே முடியாமல் ஆனால் சீழ் பிடித்திருக்கிறது என்று பொருள். 40 வயதுக்கு மேல் புதிதாக வந்தால் வலி இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும்.

அப்படியே இரண்டு தொடை இடுக்கையும் தடவிப் பாருங்கள். பட்டாணி அளவில் நகரும் நெறிக்கட்டிகள் (நிணநீர்க் கணுக்கள்) பலருக்கும் இருக்கும். கெட்டியாக, நகராமல், வளர்ந்துகொண்டே போனால் குறித்துக்கொள்ளுங்கள்.

6. இருமிப் பார்ப்பது

குழந்தை பெற்றவர்களும் மாதவிடாய் நின்றவர்களும் இதை விடக்கூடாது. கர்ப்பப்பையோ சிறுநீர்ப்பையோ கீழே சரிந்து வரும் அடி இறக்கம், படுத்திருக்கும்போது மறைந்துகொள்ளும். எனவே நின்று, ஒரு காலை உயரத்தில் வைத்து, கண்ணாடியைப் பிடித்தபடி நன்றாக இருமுங்கள். பிறகு முக்கிப் பாருங்கள். யோனி வாயில் மிருதுவான புடைப்பு ஏதாவது இறங்கி வருகிறதா? இருமும்போது சிறுநீர் கசிகிறதா? இதைச் சாயங்காலம் செய்வது நல்லது. நாள் முழுக்க நின்ற பிறகே இறக்கம் தெளிவாகத் தெரியும்.

புடைப்பு இருந்தால் உடனே ஆபரேஷன் என்று நினைக்க வேண்டாம். இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, உள்ளே வைக்கும் பெசரி வளையம் என்று அதற்கு முன் வழிகள் இருக்கின்றன. சிறுநீர் போக முடியாமல் அடைத்தால் மட்டும் அன்றே போக வேண்டும்.

7. வெள்ளைப்படுதலைப் படிப்பது

தெளிவாகவோ பால் வெள்ளையாகவோ, அதிகம் வாசனை இல்லாமல் வருவது இயல்பு. சுழற்சியின் நடுவில் முட்டை வெள்ளைக்கரு போல நீளமாக இழுபடும். அது கருமுட்டை வெளிவரும் காலத்தின் அடையாளம். உள்ளாடையில் காய்ந்ததும் லேசாக மஞ்சளாகத் தெரிவதைப் பார்த்து நோய் என்று நினைப்பவர்கள் அதிகம். ஈரமாக இருக்கும்போது பார்த்து எழுதுங்கள்.

தயிர்க்கட்டி போலக் கெட்டியாக, கடும் அரிப்போடு வந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சாம்பல் வெள்ளையாக, தண்ணீராக, மீன் வாடையோடு, குறிப்பாக உறவுக்குப் பிறகு வாடை கூடினால் பாக்டீரியா சமநிலைக் கோளாறாக இருக்கலாம். மஞ்சள் பச்சையாக, நுரைத்து வந்தால் பாலுறவால் பரவும் டிரைக்கோமோனாஸ் தொற்றாக இருக்கலாம். அதற்குத் துணைவருக்கும் சேர்த்தே மருந்து தர வேண்டும், இல்லையென்றால் திரும்பத் திரும்ப வரும்.

"இருக்கலாம்" என்று நான் சொல்வது தயக்கத்தால் இல்லை. மூன்றும் கலந்து வரும். ஒன்று மற்றொன்றைப் போல நடிக்கும். முதல் முறை வரும்போது டாக்டரிடம் உறுதி செய்யாமல் மருந்து வைக்காதீர்கள். பூஞ்சைத் தொற்று அடிக்கடி வந்தால் ரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்.

8. உள்ளே விரல் வைத்துப் பார்ப்பது

இது கட்டாயம் இல்லை. காப்பர் டி வைத்திருப்பவர்களுக்குத்தான் முக்கியமாகத் தேவை. கை கழுவி, குத்துக்காலிட்டு, நடுவிரலை மெல்ல உள்ளே விட்டால் மூக்கு நுனி போல உறுதியாக ஒன்று தட்டுப்படும். அது கர்ப்பப்பையின் வாய். அதன் நடுவிலிருந்து காப்பர் டியின் நூல் இறங்கியிருக்கும். நூல் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள், இழுக்காதீர்கள். நூல் காணவில்லை, முன்பைவிட நீளமாகிவிட்டது, கெட்டியான பிளாஸ்டிக் முனை படுகிறது என்றால், டாக்டர் பார்க்கும் வரை வேறு கருத்தடை முறையைப் பயன்படுத்துங்கள்.

கர்ப்பமாக இருப்பவர்கள், சமீபத்தில் பிரசவமோ ஆபரேஷனோ ஆனவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடுங்கள்.

9. மார்பகம்

மேல்சட்டை இல்லாமல் கண்ணாடி முன் நில்லுங்கள். கைகளைத் தொங்கவிட்டு ஒரு முறை, இடுப்பில் வைத்து அழுத்தி ஒரு முறை, தலைக்கு மேல் தூக்கி ஒரு முறை, முன்னால் குனிந்து ஒரு முறை. கையை அழுத்தும்போதும் தூக்கும்போதும் மார்புத் தசை இறுகும். உள்ளே தோலை இழுத்துப் பிடிக்கும் ஏதாவது இருந்தால் அப்போது குழி விழும். புதிதாக உள்ளே இழுத்துக்கொண்ட காம்பு, ஆரஞ்சுத் தோல் போன்ற தடிப்பு, ஆறாத காம்புப் புண் ஆகியவற்றையும் பாருங்கள்.

பிறகு படுங்கள். வலது மார்பகம் என்றால் வலது தோளுக்கடியில் தலையணை, வலது கை தலைக்குப் பின்னால், பார்ப்பது இடது கை. படுத்தால் மார்பகம் விலா மேல் பரவி மெலிதாகிவிடும், கைக்குத் தெளிவாகத் தெரியும். மூன்று நடுவிரல்களின் உள்பக்கச் சதையால் சிறு சிறு வட்டமாக அழுத்துங்கள். விரல் நுனியால் குத்தினால் எல்லாமே கட்டி போலத்தான் தெரியும். ஒவ்வொரு இடத்திலும் லேசாக, நடுத்தரமாக, அழுத்தமாக என மூன்று முறை. அக்குளிலிருந்து நெஞ்செலும்பு வரை, காறை எலும்பிலிருந்து மார்பின் அடிக்கோடு வரை, மேலும் கீழுமாக வரிசை வரிசையாகப் போங்கள். அக்குளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மார்பின் அடியில் இருக்கும் உறுதியான வளைவு இயல்பு. காம்பைப் பிழிய வேண்டாம். பிழிந்தால் பலருக்கும் சொட்டு வரும். தானாக, ஒரு பக்கம் மட்டும், ரத்தமோ தெளிந்த நீரோ கசிவதுதான் முக்கியம்.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஷாங்காயில் 2,66,000 பெண்களை வைத்து நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், மாதாமாதம் முறைப்படி மார்பகத்தைச் சோதிக்கக் கற்றுக்கொண்டவர்களிடையே புற்றால் இறப்பது குறையவில்லை. சாதாரணக் கட்டிகளுக்காகச் செய்த பயாப்சிகள்தான் (சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் சோதனைகள்) கூடின. ஆகவே மார்பகத்தைப் பழகிக்கொள்ளுங்கள், ஆனால் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்கும் வயது வந்தும் "நான்தான் பார்க்கிறேனே" என்று அதைத் தவிர்க்காதீர்கள்.

10. கையால் எட்டாதவை

கர்ப்பப்பை வாய்ப் புற்றின் ஆரம்ப நிலையைக் கண்ணாலோ விரலாலோ கண்டுபிடிக்க முடியாது. எந்தத் தொந்தரவும் இல்லாத காலத்தில் செய்யும் பரிசோதனைதான் அதைப் பிடிக்கும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் தந்த பரிந்துரைப்படி, பொதுவாக 30 வயதிலிருந்து 5 முதல் 10 வருடங்களுக்கு ஒரு முறை, இந்தப் புற்றை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸைத் தேடும் டி.என்.ஏ. பரிசோதனை செய்ய வேண்டும், எச்.ஐ.வி. உள்ளவர்கள் 25 வயதிலிருந்து 3 முதல் 5 வருடங்களுக்கு ஒரு முறை. இதற்கான மாதிரியை நீங்களே பஞ்சுக் குச்சியால் எடுத்துத் தரும் வசதியும் பல இடங்களில் உண்டு. டாக்டர் முன் படுக்கக் கூச்சப்பட்டே இதைத் தள்ளிப்போடுபவர்களுக்கு அது பெரிய உதவி.

சினைப்பையும் அப்படித்தான், கைக்கு எட்டாது. வயிறு உப்புதல், கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைந்துவிடுதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் ஆகியவை புதிதாகத் தொடங்கி, மாதத்தில் 12 நாட்களுக்கு மேல் இருந்தால் வாயுத் தொந்தரவு என்று விட்டுவிடாதீர்கள். இங்கேதான் முதல் படியில் தொடங்கிய நோட்டு கைகொடுக்கும்.

11. எது எவ்வளவு அவசரம்

அன்றே போக வேண்டியவை: ஒரு மணிக்கு ஒரு நாப்கின் நனையும் போக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடிப்பது, கர்ப்பமாக இருக்க வாய்ப்புள்ளபோது அடிவயிற்று வலியோ ரத்தமோ தலைசுற்றலோ வருவது, காய்ச்சலோடு அடிவயிற்று வலி, திடீரென்று தாங்க முடியாத ஒரு பக்க வலி.

ஓரிரு வாரத்துக்குள் காட்ட வேண்டியவை: மாதவிடாய் நின்று ஒரு வருடம் கடந்த பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், உறவுக்குப் பிறகு திரும்பத் திரும்ப ரத்தம், ஆறாத புண், மார்பகத்தில் புதிய கட்டி, நிறம் மாறும் மச்சம்.

மற்றவற்றைத் தேதியோடு எழுதி, அடுத்த மாதம் அதே நிலையில் பாருங்கள். அப்படியே இருந்தாலும் மனசுக்குச் சரியில்லை என்றால் போய்க் காட்டுங்கள். அதற்காக யாரும் உங்களைக் கோபிக்க மாட்டார்கள். கோபித்தால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

12. டாக்டரிடம் போகும் முன்

இரண்டு நாட்களுக்கு முன்பிருந்தே யோனிக்குள் மருந்தோ களிம்போ வைக்காதீர்கள், உறவையும் தவிர்த்துவிடுங்கள். இரண்டும் எடுக்கும் மாதிரியைக் குழப்பும். ஏற்கெனவே ஏதாவது போட்டிருந்தால் மறைக்காமல் பெயரைச் சொல்லுங்கள். டியூபையே கையோடு கொண்டுபோனால் இன்னும் நல்லது. கண்டதை நான்கு விவரமாக எழுதிக்கொள்ளுங்கள்: எங்கே (கடிகார மணிக் கணக்கில்), எவ்வளவு பெரிது, எப்போதிலிருந்து, கூடுகிறதா குறைகிறதா. கூச்சத்தில் வாய் வராவிட்டால் அந்தப் பக்கத்தைத் திறந்து அப்படியே டாக்டர் கையில் கொடுத்துவிடுங்கள்.